மாமா வாங்கி விற்ற அமெரிக்கக் கார்

கார் வந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்றவர்கள் அம்மா, அக்கா, நான், கீழே மரக்கறிக்கடை வைத்திருந்த அண்ணை, அவருடைய கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வந்து அதை மறந்துபோய் நின்ற ஏழெட்டுப் பெண்கள். இல்லாதவர் அப்பா. அவர் விமான நிலையத்தில் வேலையில், பயணிகளின் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஆனால் அப்பாவின் காசு வந்திருந்தது. அது பாரிஸில் எங்கள் தெருவான ரூ பெர்தொனேயின் முனையில் திரும்பி, தெருவின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, மாமாவைச் சுமந்தபடி எங்களை நோக்கி உறுமிக்கொண்டு வந்தது.

அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். சிவப்பு நிறம், வெள்ளைத் தோல் இருக்கை, எட்டு சிலிண்டர் எஞ்சின். மூக்கு மட்டுமே எங்கள் கட்டில் அளவு நீளம். கூரை பின்பக்கம் மடிந்து கிடந்தது. மாமா எஞ்சினை நிறுத்திய பிறகும் நகைக்கடைக் கண்ணாடிகள் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தன.

"எடேய், இதுக்குக் கூரை எங்கையடா?" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா, கூரை இல்லாததுக்குத்தான் இவ்வளவு காசு."

அக்கா காரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பிரெஞ்சில், மிகவும் மரியாதையாக, தான் இதில் ஏறப்போவதில்லை என்று சொன்னாள். மற்ற நேரமென்றால் எல்லாவற்றுக்கும் "என்ன சொல்லுறாள்?" என்று என்னைக் கேட்பவர்கள் அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஒரு பிரெஞ்சு உணவகத்தின் அடுக்களையில் வேலை. அடுக்களைக்குள் பேசுகிற பிரெஞ்சு அத்தனையும் அவருக்குத் தெரியும், அடுக்களைக் கதவுக்கு வெளியே ஒரு சொல் தெரியாது. அக்கா பெரியவளான சடங்குக்கு, எங்கள் பேச்சில் சாமத்திய வீட்டுக்கு, மண்டபம் பிடித்த நாளிலிருந்து மனிதருக்கு நித்திரை இல்லை. தாய்மாமன் அவர்தானே. அதற்கு முந்திய வருடம் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பிள்ளையைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தது. இன்னொரு குடும்பம் ஹெலிகொப்டரில் இறக்கியது. ஹெலிகொப்டர் கிளப்பிய காற்றில் ஆலாத்தித் தட்டுகளும் இரண்டு மூன்று பெரியவர்களின் சால்வைகளும் பறந்துபோனதாகவும், வீடியோவில் அதை வெட்டிவிட்டதாகவும் கேள்வி. மாமா குதிரைக்கும் ஹெலிகொப்டருக்கும் நடுவில் ஒன்றைத் தேடித் திரிந்தார்.

கூரை திறந்த பழைய அமெரிக்கக் காரை வாடகைக்கு விடுகிற ஒருவன் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு யூரோ கேட்டான். அந்தத் தொகையைக் கேட்ட இடத்தில்தான் மாமாவுக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்த மூளையை நினைத்துத்தான்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ. வாடகை குடுத்தால் காசு போச்சு. வாங்கினால் காசு எங்கை போகுது? காராய் வாசலிலை நிக்குது. பிள்ளையை ஏத்தி இறக்கிப்போட்டு அடுத்த கிழமை வித்தமெண்டால் போட்டது அப்பிடியே திரும்பி வரும். பழைய கார் விலை ஏறுமே தவிர இறங்காது. நகை மாதிரி."

அம்மாவுக்கு நகை என்று சொன்னால் போதும். மிச்சம் விளக்கத் தேவையில்லை.

காசு அப்பாவுடையது. வருடக்கணக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. நகரத்துக்கு வெளியே கூசேன்விலில் மூன்று அறையும் பின்னால் ஒரு துண்டு நிலமும் உள்ள வீடு ஒன்றைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார். வங்கி கடன் தர ஒத்துக்கொண்டுவிட்டது. எங்கள் பங்கை மட்டும் நோத்தேரிடம் கட்டவேண்டும். வீட்டு உறுதி எழுதுகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். சித்திரை முடிவதற்குள் கட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். நாங்கள் நான்கு பேரும் அப்போது ஒற்றை அறையில் இருந்தோம். அக்கா பரீட்சைக்குப் படிப்பது குளியலறையில், தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து. யாராவது கதவைத் தட்டினால் புத்தகத்தோடு வெளியே வந்து, அவர்கள் முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்று வாசிப்பாள். அந்த வீட்டில் அவளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா ஒருமுறை கேட்டார். "கதவு" என்றாள்.

இதெல்லாம் மாமாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பாவின் குரலுக்குப் பின்னால் விமானங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"விழாவுக்குப் பிறகு மூண்டு கிழமைதான் இருக்கு, தெரியுமே?"

"அத்தான், எனக்கு மூண்டு நாள் காணும், வித்துத் தாறன்."

பிறகு அப்பா சரியென்றார். மகளின் சாமத்திய வீட்டு விஷயத்தில் மனைவியின் தம்பிக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு மனிதர் எங்கள் ஆட்களுக்குள் இன்னும் பிறக்கவில்லை.

கார் விற்பனை விளம்பரத்தை வாசித்தது நான். எனக்குப் பத்து வயது. வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசிப்பதும், மருத்துவரிடம் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசுவதும், இப்போது கார் வாங்குவதும் என் வேலை. விற்றவர் பாரிஸுக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்த பிரெஞ்சுக் கிழவர். கொட்டிலுக்குள் வைத்து, தன் கையாலேயே ஒவ்வொரு ஆணியாகக் கழற்றித் துடைத்துப் பூட்டியிருந்தார். மாமா எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் மீன் வாங்குகிற முறைப்படி காரைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, நாக்கால் 'ச்சு' கொட்டி, "பழசு" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"ஆம். ஐம்பது வருடத்துக்கு மேல்" என்று கிழவர் பெருமையோடு ஒத்துக்கொண்டார். விலை இருபத்தெட்டாயிரத்திலிருந்து ஒரு யூரோவும் இறங்கவில்லை.

கடைசியாகக் கிழவர் கூரை மடிகிற இடத்தைக் காட்டி நிறையச் சொன்னார். அந்த மடிப்புக்குள் ஒரு தூசி விழக்கூடாது, மூடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கையை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக்கூடாது என்றார். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"சரி சரியெண்டு சொல்லு மருமோன். நாங்கள் மூடப்போறதே இல்லை."

விழா நாள் வந்தது. மண்டபம் ஊருக்கு வெளியே இருந்தது. நெடுஞ்சாலையில் கூரையைத் திறந்து ஓடினால் கொண்டையும் நில்லாது, பூவும் நில்லாது என்று அலங்காரம் செய்த பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே அக்கா வேறொருவரின் சாதாரணக் காரில் வந்தாள். மாமா தனியாகத் திறந்த காரில் முன்னால் போனார். மண்டபத்துக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கும்போது ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, காற்றடிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் வைத்து அக்காவைக் கார் மாற்றினார்கள். இருபத்தெட்டாயிரம் யூரோவும் அந்த ஒரு கிலோமீற்றருக்குத்தான்.

நான் முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பின்னால் நடுவில் அக்கா. இரண்டு பக்கமும் மடியில் ஆலாத்தித் தட்டோடு சித்தியின் சின்னப் பெட்டைகள் இரண்டு பேர். ஒருத்தியின் தட்டில் பழம், மற்றவளின் தட்டில் நவதானியம். வீடியோக்காரர் காருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, "மெதுவா, மெதுவா, அண்ணை இன்னும் மெதுவா!" என்று கத்தினார். வேகம் போகச் செய்த காரை நடைவேகத்தில் ஓட்டினால் அது தும்மும், குலுங்கும். வளைவைத் தாண்டியதும், "வெயில் முகத்திலை விழேல்லை, திருப்பி ஒருக்கா வாங்கோ" என்றார். திருப்பி வந்தோம். பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். "சத்தம் விழுந்திட்டுது, இன்னும் ஒருக்கா." திரும்பவும் வந்தோம்.

"இது எப்போது முடியும்?" என்று அக்கா பிரெஞ்சில் கேட்டாள். முகத்திலிருந்த சிரிப்பு அசையவில்லை. வீடியோவில் பார்த்தால் ஆசீர்வாதம் சொல்வது மாதிரி இருக்கும்.

அந்தக் கடைசித் தடவையில்தான் மாமா கமெராவைப் பார்த்துக் கையசைக்க நினைத்தார். கை எழும்பியது, கால் பிரேக்கில் விழுந்தது. நவதானியத் தட்டு பெட்டையின் மடியிலிருந்து எழும்பி, அக்காவின் தோளில் பட்டு, பயறும் எள்ளும் கொள்ளும் நெல்லுமாக இருக்கையிலும் கம்பளத்திலும் பின்னால் மடிந்து கிடந்த கூரைக்குள்ளும் கொட்டுண்டது. மண்டப வாசலில் நின்றவர்கள் தங்கள் பங்குக்கு மஞ்சள் அரிசியை அள்ளி எறிந்தார்கள். ஒரு மாமி பன்னீர் தெளித்தாள். இன்னொருத்தி மஞ்சள் தண்ணீர் கலந்த ஆலாத்தியைச் சுற்றி இறக்கும்போது கால் இடறி, பாதியை வெள்ளைத் தோலில் ஊற்றினாள்.

"பரவாயில்லை, மங்களம்தானே" என்றார்கள் எல்லோரும்.

அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரத்தில் மழை தொடங்கியது. மாமா ஓடி வந்து பொத்தானை அழுத்தினார். கூரை பாதிவரை எழும்பியது. உள்ளே எங்கேயோ அரிசி நெரிபடுகிற சத்தம் கறுக் கறுக்கென்று கேட்டது. மாமா அழுத்திய விரலை எடுக்கவில்லை.

"மாமா, அழுத்திப் பிடிக்கவேண்டாம் என்று அவர் சொன்னார்."

"பொறடா, வருது."

வரவில்லை. ஒரு சின்னப் புகை வந்தது. கூரை வாய் பிளந்தபடி நின்றது. மாமா மண்டபத்துக்குள் ஓடி, சாப்பாட்டு மேசைகளுக்குப் போட்டிருந்த பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புகளை உருவிக்கொண்டு வந்து காரைச் சுற்றிக் கட்டினார். உள்ளே ஐயர் மூன்று தரம் ஒலிபெருக்கியில் தாய்மாமனைக் கூப்பிட்டார். மாமா நனைந்த பட்டு வேட்டியோடு வந்து அக்காவின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்தபோது, அவர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா விரிப்பில்லாத மேசைகளைத்தான் பார்த்தார்.

மூன்று நாள் காணும் என்றாரே, அந்த மூன்று நாளும் மாமா ரூ பிலிப்-து-ஜிராரில் வாடகைக்கு எடுத்த நிலத்தடிக் கார்த் தரிப்பிடத்தில் வைத்து மஞ்சள் தேய்த்தார். உணவகத்திலிருந்து கொழுப்புச் சட்டி கழுவுகிற கடுஞ் சவர்க்காரம் கொண்டுவந்திருந்தார். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன நிறம் வரும் என்று அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். மஞ்சளாக இருந்த கறை அத்தனையும் இரத்தச் சிவப்பாயிற்று.

விற்க நாங்கள் போட்ட விளம்பரத்தைக் கண்டு முதலாவதாகப் பார்க்க வந்தவர் கதவைத் திறந்தார். பின் இருக்கையைப் பார்த்தார். என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வண்டிக்குள் என்ன நடந்தது என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் மஞ்சள், சவர்க்காரம், விழா என்று விளக்கத் தொடங்கினேன். விளக்க விளக்க அவர் பின்னாலே போனார். மாமா இடையில் புகுந்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "நல்ல இறைச்சி" என்றார். நல்ல சாமான் என்று சொல்ல நினைத்திருக்கவேண்டும். அந்த மனிதர் படி ஏறி ஓடிவிட்டார்.

இரண்டாவதாக வந்தவருக்கு இருக்கையைப் பற்றிக் கவலையில்லை, தோல் மாற்றலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. துரு இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்து பின்பக்க விரிப்பைத் தூக்கினார். அடியில் ஒரு தோட்டம் இருந்தது. மழையில் ஊறிய கம்பளத்தில் பயறும் நெல்லும் நெருக்கமாக முளைத்து, வெளிச்சம் படாமல் வெளிறிய மஞ்சளாக ஒரு விரல் உயரத்துக்கு நின்றன. அவர் விரிப்பை மிகவும் மெதுவாக, நித்திரை கொள்ளுகிற குழந்தைக்குப் போர்வை மூடுவது மாதிரி, பழையபடி போட்டுவிட்டுப் போனார்.

மாமா உடனே தூசி உறிஞ்சுகிற இயந்திரத்தை எடுத்தார். சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா குறுக்கே நின்றாள்.

"பிள்ளையின்ரை சாமத்திய வீட்டு முளையை உறிஞ்சிக் குப்பையிலை கொட்டப் போறியோ? உனக்கென்ன விசரே?"

"அக்கா, இது முளைப்பாலிகை இல்லை. காருக்கை கொட்டுண்ட பயறு."

"எங்கை முளைச்சால் என்ன? எவ்வளவு வடிவாய் வந்திருக்கு பார். ஒண்டும் அழுகேல்லை. இதை நல்ல நாள் பார்த்துத் தண்ணியிலைதான் விடோணும்."

நல்ல நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் திங்கள். நோத்தேரின் கெடு இறங்கிக்கொண்டிருக்க, இருபத்தெட்டாயிரம் யூரோக் கார் நிலத்தடியில் பயறு வளர்த்தது. இடையில் இரண்டு பேர் பார்க்க வரட்டுமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். வெள்ளிக்குப் பிறகு வாருங்கள், காருக்குள் செடி இருக்கிறது என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர்கள் பிறகு எடுக்கவில்லை. அக்காவோ இரவுச் சாப்பாட்டில், "எனக்கு வீட்டில் கதவு வருமா, காரின் கதவு மட்டுந்தானா?" என்று கேட்டாள். அதுவும் பிரெஞ்சில். அம்மா, "பிள்ளை என்ன சொல்லுறாள்?" என்று கேட்டாள். "உப்புக் காணாதாம்" என்று அக்காவே தமிழில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அம்மா முளைகளை வேரோடு பிடுங்கி, தாம்பாளத்தில் வைத்து, கற்பூரம் காட்டி, லா விலெத் கால்வாயில் விட்டாள். வாத்துகள் வந்து சாப்பிட்டன. அம்மாவுக்கு அதுவும் நல்ல சகுனமாகப் பட்டது.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு தரிப்பிடத்துக்கு வந்தார். மாமாவுக்கு அன்று அடுக்களையில் வேலை. வந்தவர் பழைய கார் வியாபாரி. கையில் விளக்கு. கூரை, மோட்டார், தோல், கம்பளம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, தொடத்தொட விலையைக் குறைத்துக்கொண்டே வந்து இருபத்தோராயிரத்தில் நின்றார். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. இப்போதே வங்கிக் காசோலை.

"ஓமெண்டு சொல்லு" என்றார் அப்பா.

"அப்பா, மாமா இருபத்தெட்டுக்குக் குறையக் குடுக்கவேண்டாமெண்டு..."

"சொன்னதைச் சொல்லு தம்பி."

சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கிழவர் சொன்னதை மாமா கேட்டிருந்தால், மாமா சொன்னதை அப்பா கேட்காமல் விட்டிருந்தால், அம்மா நாலு பயற்றுக்கு நல்ல நாள் பார்க்காமல் இருந்திருந்தால் என்று எனக்குள் ஒரு கோபப் பட்டியல் ஓடியது. வீடு கைவிட்டுப் போகக்கூடாதென்று மிச்சத்துக்கு அப்பா அங்கேயே நின்று தன் மேலாளருக்குத் தொலைபேசி எடுத்தார். சம்பளத்தில் முற்பணம் கேட்டார். "ஞாயிறு எல்லாம் வாறன்" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், என்னைப் பேசவிடாமல், தானே சொன்னார்.

அன்று பின்னேரம் மாமா வந்தார். கூரை நின்றுபோன நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. வாசலில் நின்று, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். அன்றைக்கும் வாசலிலேயே நின்றார்.

"அத்தான், கார்..."

அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வித்தாச்சு."

"எவ்வளவுக்கு?"

"போட்டதுக்குத்தான்."

"இருபத்தெட்டுக்கோ?"

"ஓம். உள்ளுக்கு வாவன். ஏன் உதிலை நிக்கிறாய்?"

நான் வாயைத் திறந்தேன். மொழிபெயர்த்தவன் நான், தொகையை இரண்டு மொழியிலும் சொன்னவன் நான். மேசைக்குக் கீழே அக்கா என் தொடையைப் பிடித்துத் திருகினாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குத் திருகினாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நான் சொன்னனான்தானே அக்கா, நகை மாதிரியெண்டு!"

"ஓமடா, சொன்னனி. கையைக் கழுவிப்போட்டு வா, புட்டு ஆறுது" என்றாள் அம்மா.

மாமா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த முறை வேறு நிறம் பார்க்கவேண்டும் என்றார். அப்பா சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாண் வாங்கிக்கொண்டு வந்தால் மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணச் சொல்கிற மனிதருக்கு இருபத்தெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் வித்தியாசம் தெரியாதா? இவ்வளவு கெடுத்தவரிடம் கெடுத்தீர் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் புட்டுக் கொடுப்பார்களா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஒருவருக்கும் கழித்தல் கணக்குத் தெரியாது என்ற முடிவோடு நான் அன்றைக்குப் படுத்தேன்.

கூசேன்வில் வீடு வந்தது. அக்காவுக்குக் கதவும் வந்தது. ஞாயிறுகளில் அப்பா வீட்டில் இருப்பதில்லை. அவருக்கு விமானங்கள் அவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம்கூட ஒரு கல்யாணப் பந்தியில் மாமா அந்தக் காரின் கதையை எடுத்தார். "ஒரு சதம் நட்டமில்லை, அத்தானைக் கேளுங்கோ" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அப்பா வடையைக் கடித்தபடி, "ஓம் ஓம்" என்று தலையாட்டினார். மாமாவின் கணக்கில் அந்தக் கார் இன்றுவரை எங்களுக்கு இலவசமாக வந்துபோனது. விலையில் விழுந்தது, தரிப்பிடக் கூலி, மண்டபக்காரன் விரிப்புகளுக்கு அறவிட்டது எல்லாம் சேர்த்து, ஏழாயிரத்து அறுநூறு யூரோ.